பழங்கற்படியும் கொள்ளிடத்து அணையும்

கும்பகோணத்தினின்று வடக்கு நோக்கிச் செல்லும் பெருவழியிற் கொள்ளிடத்தைக் கடப்போர், அணைக்கரை என்னும் ஊரில் ஆற்றின் குறுக்கே நீண்டு கிடக்கும் பழைய அணையொன்றனைக் காண்பர். கீழணை எனப்படும் அது, 1836-ஆம் ஆண்டில் ஆர்தர் காட்டன் என்னும் ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி எழுந்தது. அதனைக் கடந்து ஐந்தாறு மைல் சென்ற அளவில், முதல் இராசேந்திர சோழன் எடுப்பித்த கங்கைகொண்ட சோழேச்சரத்தின் விமானம் வயல்களுக்கும் மரங்களுக்கும் மேலே உயர்ந்து தோன்றும். கருவூர்த்தேவரின் திருவிசைப்பாப் பெற்ற தலம் அது. அணையின்கண் நிற்போர் விமானத்தை நினைத்தல் அரிது. விமானத்தைத் தொழுவோர் அணையை நினைத்தலும் அரிதே. ஆயினும் இவ்விரண்டற்கும் நெருங்கிய தொடர்பு ஒன்று உண்டு. அணை கட்டுதற்கு வேண்டிய கற்களுக்காகவே அக்கோயிலின் திருமதில் இடிக்கப்பட்டது.

இன்று அக்கோயிலும், தஞ்சை இராசராசேச்சரமும், தாராசுரத்து ஐராவதேச்சரமும் இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளன. உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையிலும் இடம் பெற்றுள்ளன. இதனைக் கொண்டு, பழைய கட்டடங்களைப் போற்றிக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணமே மேனாட்டாரிடமிருந்து வந்ததென்றும், நம் முன்னோர் கட்ட அறிந்தாரேயன்றிக் காக்க அறிந்திலரென்றும் கருதுவார் உளர். கல்வெட்டுக்களைப் பயின்றார் அங்ஙனம் கூறார்.

சிவஞானச் செல்வராகிய கண்டராதித்த சோழரின் தேவியார் செம்பியன் மாதேவியார். இளமையிலேயே கணவரை இழந்த அப்பெருமாட்டியார், தம் மகன் உத்தம சோழன் காலத்தும், அவற்குப்பின் அரியணை ஏறிய முதல் இராசராசன் காலத்தும், சோழநாட்டில் செங்கல்லால் இயன்றிருந்த பல திருக்கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருநல்லத்துக் கோயிலைத் தம் கணவர் பெயரால் கல்லாற் சமைத்து, அவர் இலிங்கத்தை வழிபடுவதாக ஓர் உருவமும் அமைப்பித்தார். திருக்கோடிகாவில் அவர் செய்த பணி ஈண்டுச் சிறப்பாகக் கருதத்தக்கது. பழைய கோயிலைப் பிரித்தபொழுது, அங்குத் தனித்தனியே கிடந்த கற்களிற் பொறிக்கப்பெற்றிருந்த முன்னை அரசர் காலத்துச் சாசனங்கள் எல்லாவற்றையும் படியெடுத்துப் புதிய கற்சுவரில் மீண்டும் வெட்டுவித்தார். வெட்டியதோடு அமையாது, இவை பழங்கற்படிகள் எனக் குறித்தும் வைத்தார். பிற்காலத்தான் ஒருவன் புதிய சுவரைக் கண்டு, இதிலுள்ளன யாவும் புதியனவே என மயங்காதவாறு செய்த ஏற்பாடு இது. விளக்கொன்றுக்குச் சிறிது நிலமோ சில ஆடுகளோ கொடுத்த எளியார் ஒருவர் பெயரும் அங்ஙனமே பிழைத்தது. கோயில் புதிதாயிற்று, கொடுத்தார் கொடை பழையதாகவே நின்றது.

இஃது ஓர் அம்மையாரின் தனிவிருப்பம் என்று ஒதுக்குதற்கும் இல்லை. கொள்ளிடத்தின் வடகரையிலுள்ள திருமழபாடிப் பெருமான் கோயில் விமானத்தை இறக்கிப் புதுக்குமாறு முதல் இராசராசன் தன் 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டபொழுது, அதற்கு முன்பே சுவரிலுள்ள கல்வெட்டுக்களையெல்லாம் புத்தகத்திற் படியெடுத்துக்கொள்க எனவும் பணித்தான். விமானம் எழுந்து, இராசேந்திரன் காலத்தில் அப்புத்தகத்தினின்று அவை மீண்டும் கல்லில் ஏறின. ஆணையிட்ட மன்னன் மறைந்தபின்னும் ஆணை மறையவில்லை. ஓலைப்புத்தகத்தைச் செல்லும் பூஞ்சையும் தின்னாமல் ஆண்டுக்கணக்கிற் காத்த கோயிற் கணக்கர் யாவரோ, அவர் பெயர் மட்டும் ஏறவில்லை. தில்லையில் திருமுறை ஏடுகள் செல்லரித்துக் கிடந்த நிலையைத் திருமுறை கண்ட புராணத்தின்வழி அறிந்த சைவ மக்கள், ஓலையைக் காத்தல் எத்துணை அரிய செயல் என்பதனை நன்குணர்வர்.

இனி, தஞ்சை இராசராசேச்சரத்தை நோக்குவோம். இராசராசன் தன் 25-ஆம் ஆண்டின் 275-ஆம் நாளில், கி. பி. 1010-இல், விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் அளித்தான். அடுத்த ஆண்டின் 20-ஆம் நாளில், அரண்மனையின் கீழைத் திருமஞ்சன சாலையில் இருந்தவண்ணம், தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை குந்தவையார் கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், பிறர் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுக என ஆணை பிறப்பித்தான். அரசன் கொடையும் ஏனையோர் கொடையும் ஒரே கல்லில் அடுத்தடுத்து நிற்கின்றன. பொன்னும் மணியும் இன்ன நிறை, இன்ன எண், இன்ன குற்றமுடைய மணி என நுணுகி எழுதப்பட்டுள்ளன. நிறுத்த கல்லின் பெயரும், நெல் அளந்த மரக்காலின் பெயரும் ஆடவல்லான் என்பதே. கூத்தப்பிரான் பெயரால் அளக்கும் மரக்காலில் குறைத்தளக்கக் கை கூசும் என்று கருதினர் போலும்!

அக்கல்வெட்டுக்களை முழுதும் ஓதினார்க்கு ஓர் உண்மை புலனாகும். கருங்கல் விமானத்தை நிலைநிறுத்துதற்கு இராசராசன் கல்லை மட்டும் நம்பினானல்லன். நெல்லை நம்பினான், ஊர்களை நம்பினான், மக்களை நம்பினான். சோழமண்டலத்தும் பிற மண்டலங்களிலும் ஈழத்திலும் உள்ள ஊர்கள் பல கோயிலுக்கு நெல்லும் பொன்னும் இறுத்தன. கோயிற்பொருள் காவிரிக் கரையூர்ச் சபைகளுக்குக் கடனாக அளிக்கப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டொன்றில் அரைக்காற் காசு, அஃதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை, வட்டி. கடன் கொடுத்தவர் யார் எனின், சண்டேசுவர தேவர்! ஊரார் அவரிடமே வாங்கி அவரிடமே இறுத்தனர். சேய்ஞலூர்ப் பிள்ளையாராகிய அவர், ஆட்டற்குரிய பாலை இடறிய தந்தையையும் பொறாதவர் என்பதனை அறிந்த ஊரவர், அவர் பொருளிற் கைவைக்கத் துணியார். திருமெய்காப்பாளரை இன்ன ஊர் அனுப்புக, கணக்கரை இன்ன ஊர் அனுப்புக என ஊர்தோறும் கடமை பகுக்கப்பட்டது. சோழமண்டலத்தின் எண்ணிறந்த சிற்றூர்கள் அக்கோயிலின் காவலில் பங்குடையனவாயின.

அவற்றுள்ளும் திருப்பதியம் பாடுதற்கு வகுத்த நிவந்தம் சைவர் உள்ளத்தை விட்டகலாதது. பாடுவார் நாற்பத்தெண்மர், உடுக்கை வாசிப்பார் ஒருவர், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவர், ஆக ஐம்பதின்மர்க்கு, ஆளொன்றுக்கு நாடோறும் நெல் முக்குறுணி. அவருட் பலர் சிவன் என முடியும் தீக்கைப் பெயருடையார். ஒருவர் இறந்தால் அவர்க்கு நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாடுக. அவ்வுறவினர் தகுதியிலராயின் தகுதியுடைய பிறரை இடுக. உறவினரே இல்லையாயின் எஞ்சியோர் தகுதியறிந்து ஒருவரைத் தேர்க எனவும் அக்கல் கூறுகின்றது. சுவர் விரிந்தால் என் செய்வது என்பதினும், பாடுவான் மறைந்தால் என் செய்வது என்பதே அவ்வரசனுக்குப் பெருங்கவலையாய் இருந்தது என்று கொள்ளலாம்.

இத்துணை ஏற்பாடும் சோழர் ஆட்சி உள்ளவரையே தழைத்தது. பின்வந்த நாயக்கரும் மராட்டியரும் தஞ்சைக் கோயிலைப் போற்றினர். 1803-இல் இரண்டாம் சரபோசி மன்னர் வெட்டுவித்த போன்சலே மரபு வரலாறு அதன் திருச்சுற்றில் இன்றும் உள்ளது. கங்கைகொண்ட சோழபுரத்திற்கோ அவ்வாய்ப்பு இல்லை. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் சோழர் தலைநகராய் விளங்கிய அவ்வூர், அவர்க்குப்பின் சிற்றூராய்ச் சுருங்கிற்று. கங்கைநீரால் ஆகிய வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு புகழும் சோழகங்கப் பேரேரியும் பாழ்பட்டது. கோயிலைச் சுற்றிக் காடு வளர்ந்தது.

அந்நிலையிற்றான் 1836 வந்தது. கொள்ளிடத்தின் வழியே வீணே கடலுக்கு ஓடிய நீரைத் தடுத்துக் காவிரியிற் செலுத்தும் பொருட்டு முக்கொம்பில் மேலணை கட்டினர். அதனாற் கீழ்க் கொள்ளிடத்துப் பாசனம் குன்றுமாதலின், எஞ்சிய நீரைத் தேக்கி வாய்க்கால்களிற் பாய்ச்சக் கீழணை வேண்டியதாயிற்று. இன்றும் அதினின்று பிரியும் வடவாறே வீரநாராயணன் என்னும் விருதுடைய முதற் பராந்தகன் பெயர் தாங்கிய வீராணம் ஏரிக்கு நீர் கொடுக்கின்றது. ஆதலின் அணை வேண்டாத செயலன்று. காட்டனும் இந்நாட்டு அறிவை இகழ்ந்தவரல்லர். மணற்படுகையில் அணை நிறுத்தும் முறையைக் கரிகாலன் பெயரால் வழங்கும் கல்லணையினின்றே கற்றவர் அவர். குற்றம் அணையில் இல்லை. கல்லை எடுத்த இடத்தில் உள்ளது. வண்டல் நிலத்திற் கல் கிடையாது. சோழர் தம் கோயில்களுக்குத் தொலைவிலிருந்து கல் கொணர்ந்தனர். அணை கட்டியோர்க்கோ வெட்டிச் செதுக்கிய கல் ஐந்தாறு மைலில் ஆயத்தமாய் நின்றது.

திருச்சுற்று மதில் ஏறக்குறைய முழுவதும் இடிக்கப்பட்டது. சிற்பம் அமைந்த கற்களும் பெயர்க்கப்பட்டன. அவ்வூர் ஏழை மக்கள் தம்மால் இயன்றவரை தடுத்தனர் என்றும், தடுத்தவர் அரசாணையை அவமதித்தார் எனத் தண்டிக்கப்பட்டனர் என்றும், எடுத்த கன்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தரப்படும் என்ற வாக்குறுதி நிறைவேற்றப்படவே இல்லை என்றும், 1855-இல் வெளியான ஒரு குறிப்புத் தெரிவிக்கின்றது. அம்மக்களின் பெயர் எக்கல்லிலும் இல்லை. அவர்க்குத் துணையாக அரசனும் இல்லை, சட்டமும் இல்லை, ஊர்ச்சபையும் இல்லை. கோயிலுக்கு அந்நாளில் எஞ்சியிருந்த காவல் அவர்கள் ஒருவரே.

இதனினும் கொடிது ஒன்றுண்டு. இராசராசன் திருமழபாடியில் விமானத்தை இறக்குமுன் சாசனங்களைப் படியெடுப்பித்தான். 1836-இல் மதிலைப் பிரித்தோர் அதிலிருந்த எழுத்துக்களைப் படியெடுத்தாரல்லர். வன்றொண்டர் வெண்ணெய்நல்லூர்க் கிழவர் காட்டிய ஓலையைப் பற்றிக் கிழித்தபொழுது, கிழிந்தது படியோலையே. மூலவோலை கிழவர் கையில் இருந்தமையால் வழக்கு நின்றது. கங்கைகொண்ட சோழேச்சரத்து மதிலுக்கு மூலமும் போயிற்று, படியும் இல்லை. அம்மதிலிற் பெயர் பொறித்து வைத்தார் எவரேனும் உளராயின், அவர் கொடையை இனி அறிதல் இயலாது.

எழுத்து அழிந்தால் எது கெடும் என்பதற்குத் தஞ்சையே சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெரிய கோயிலைக் கட்டியவன் யார் என்பதே மறந்துபோயிருந்தது. கரிகாலன் தன் நோய் நீங்க எடுப்பித்தான் எனத் தலபுராணம் கூற, அதனையே பலரும் நம்பினர். 1886-இல் அரசாங்கக் கல்வெட்டறிஞராய் அமர்ந்த ஹூல்ஷ் என்னும் செருமானியர், விமானத்துக் கல்வெட்டுக்களை முறையாகப் படித்து வெளியிட்டபின்னரே, அஃது இராசராசன் திருப்பணி என ஐயமற விளங்கிற்று. கல்லில் வெட்டுக என்று கீழைத் திருமஞ்சன சாலையில் அவன் பணித்த சொல், எட்டு நூற்றாண்டுக்கு மேலும் மறவியிற் கிடந்து, பின் அவனையே மீட்டுத் தந்தது.

அவ்வாறே 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி என்பார், கருவறையைச் சூழ்ந்த இருண்ட உட்சுற்றிலே நாயக்கர் காலத்து ஓவியங்களின் கீழ்ச் சோழர் கால ஓவியங்கள் மறைந்திருத்தலைக் கண்டறிந்தார். மேற்பூச்சு உதிர்ந்த இடங்களில் தோன்றியவற்றுள், மேலே சொன்ன வெண்ணெய்நல்லூர் வழக்கும், ஓலையும் கையுமாய் நிற்கும் கிழவரும், சுந்தரர் வெள்ளையானை மீதும் சேரமான் பெருமாள் குதிரை மீதும் கயிலை செல்லும் காட்சியும் உள்ளன. சேக்கிழார் திருத்தொண்டர் புராணம் பாடுதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முற்பட்ட சான்று இது. பின்னர்த் தொல்லியல் துறையார், மேலடுக்கின் நாயக்கர் ஓவியங்களையும் அழியவிடாது, பெயர்த்துப் பலகைகளில் ஒட்டிக் காத்தனர். பழையதைக் காட்டுதற்கு அதனின் இளையதை அழித்தல் வேண்டும் என்னும் இக்கட்டு, இக்காலத்தில் இங்ஙனம் தீர்க்கப்பட்டது. தாராசுரத்தில் நாயன்மார் வரலாறுகள் பெயர்ப்பொறிப்புடன் அடித்தளத்திற் சிறு சிற்பங்களாய் நிற்றலும் இவ்வரிசையில் எண்ணத்தக்கது.

குற்றத்தை அயலார் மேல் மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. கடந்த இரு நூற்றாண்டுகளில் அன்பு மிகுதியால் திருப்பணி செய்தாருட் சிலர், பழைய கற்றளிகளை அடியோடு பெயர்த்துப் புதுக்கற்களால் எழுப்பினர். கல்வெட்டுக்கள் தலைகீழாகவும் துண்டுதுண்டாகவும் படிக்கட்டிலும் மடைப்பள்ளித் தளத்திலும் இடம் மாறின. அண்மைக் காலத்தே மணல் வீச்சுப் பொறிகொண்டு சுவரைத் தூய்மை செய்கின்றோம் எனப் புகுந்து, எழுத்தையும் சிற்பத்தின் கண்மூக்கையும் ஒருங்கே தேய்த்த இடங்களும் உள. கீழணைக்குக் கல் எடுத்தவர்க்கேனும் அது கோயில் என்ற எண்ணம் இல்லை. சிவத்தொண்டு எனக் கருதிச் செய்தார்க்குச் செம்பியன் மாதேவியார் காட்டிய நெறி தெரியாமற் போனது இரங்கத்தக்கது.

சட்டத்தின் காவல் 1904-ஆம் ஆண்டின் பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டத்தால் வந்தது. விடுதலைக்குப்பின் 1958-இல் அதற்கு ஈடாக விரிவான சட்டம் இயன்றது; 2010-இல் செய்த திருத்தத்தின்படி, காக்கப்பெற்ற சின்னத்தின் எல்லையினின்று 100 மீட்டர் அளவிற் புதுக்கட்டடம் கூடாது, அதற்கப்பால் 200 மீட்டர் அளவில் இசைவின்றிக் கட்டலாகாது.

உலகக் காவல் வந்த வரலாறு கீழணையோடு ஒப்புநோக்கற்குரியது. எகிப்து நாட்டில் நீல ஆற்றின் குறுக்கே அசுவான் பேரணை கட்ட முற்பட்டபொழுது, மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட அபு சிம்பெல் கோயில்கள் நீருள் மூழ்கும் நிலை எய்தின. 1960-இல் யுனெசுகோ நிறுவனம் உலக நாடுகளை வேண்ட, அவை பொருளும் அறிவும் உதவின. 1964 முதல் 1968 வரை, மலையிற் குடைந்த அக்கோயில்களைக் கல் கல்லாக அறுத்து, எண்ணிட்டு, இருநூறடிக்கு மேல் உயர்ந்த மேட்டிற் கொண்டுபோய்ப் பழையபடியே பொருத்தினர். அணையும் நின்றது, கோயிலும் நின்றது. அம்முயற்சி தந்த ஊக்கமே 1972-இல் உலகப் பாரம்பரிய உடன்படிக்கையாக மலர்ந்தது. இந்தியா 1977-இல் அதனை ஏற்றது. அதன்வழித் தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் வரிசையில் ஏறிற்று; 2004-இல் கங்கைகொண்ட சோழேச்சரமும் தாராசுரமும் சேர்ந்தன. ஓர் ஆற்று அணைக்காகக் குலைந்த கோயில், மற்றோர் ஆற்று அணையிலிருந்து கோயிலைக் காத்த முயற்சியின் பயனால் இங்ஙனம் காவல் பெற்றது.

அம்மூன்றற்கும் யுனெசுகோ வைத்த பெயர் வாழும் பெருஞ் சோழர் கோயில்கள் என்பது. வாழும் என்ற சொல் அழகுக்காக இட்டதன்று. அபு சிம்பெலில் வழிபடுவார் இல்லை. அங்குக் கல்லைக் காத்தால் யாவும் காத்ததாகும். தஞ்சையில் ஆறு காலமும் பூசை நிகழ வேண்டும், விளக்கெரிய வேண்டும், பதிகம் ஒலிக்க வேண்டும், பல்லாயிரவர் கூட வேண்டும். இவை கல்லுக்கு ஊறு செய்தலும் கூடும், மக்களுக்கே ஊறாதலும் கூடும். 1997 சூன் 7-ஆம் நாள், குடமுழுக்குக்கென அமைத்த வேள்விச்சாலைப் பந்தலில் தீப்பற்றி, நாற்பதின்மர்க்கு மேற்பட்டோர் உயிர் நீத்தனர். வாழும் கோயிலைக் காப்பவர் கல்லோடு உயிரையும் காக்கும் பொறுப்புடையர் என்பதனை அந்நாள் எவரும் மறவாதவாறு உணர்த்திற்று.

அடுத்த குடமுழுக்கு 2020 பிப்ரவரி 5-ஆம் நாள் நிகழ்ந்தது. அதற்கு முன், திருமுறை ஓதித் தமிழிலும் செய்தல் வேண்டும் என வழக்கு எழ, சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழிலும் வடமொழியிலும் நடத்துதற்கு வழிவிட்டது. திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மரைப் பெயர் சொல்லி நிறுத்தியவன் கோயிலில், அது குறித்து நீதிமன்றம் செல்ல நேர்ந்தது வியப்பேயாம். சட்டம் காப்பது சுவரையும் நூறு மீட்டர் எல்லையையும். முக்குறுணி நெல்லும், பாடுவான் மறைந்தால் அவனிடத்தில் நிற்பவன் யார் என்ற கேள்வியும் அச்சட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளன. அவை கல்லில் இன்னும் அழியாமல் இருக்கின்றன.

கங்கைகொண்ட சோழேச்சரத்தின் வடபால் வாயிலருகே, இறைவன் சண்டேசர்க்குத் தன் கையாற் கொன்றைமாலை சூட்டும் சிற்பம் உள்ளது. மதிலைப் பிரித்த நாளிலும் அது தப்பியது. ஐப்பசி நிறைமதி நாளில், ஏறத்தாழ பதின்மூன்றடி உயரமுள்ள அக்கோயிற் சிவலிங்கத் திருமேனி முழுவதும் மறையுமாறு, மூட்டை மூட்டையாக அரிசி வடித்து அன்னாபிடேகம் செய்கின்றனர். கொள்ளிடத்தின் இருகரை ஊர்களினின்றும் மக்கள் வந்து தொழுது, அவ்வன்னத்தை உண்டு செல்கின்றனர்.